பத்தின் அடுக்கைப் பார்த்தா பயப்படுகிறாய்?

பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் முதல் பாடமே நிலைமின்னியல். அங்கேயே ‘பிசிக்ஸ் எனக்கு வராது’ என்று தீர்ப்பெழுதிப் புத்தகத்தை மூடிவிடுகிறாய். யார் கொடுத்த தீர்ப்பு அது? வாதியும் நீ, நீதிபதியும் நீ!

அந்தப் பாடத்தில் வரும் கூலூம் விதியைத் தந்தவரைப் பார். சார்லஸ் கூலூம், பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். மார்டினிக் தீவில் கோட்டை கட்டப் போய், உடம்பைக் கெடுத்துக்கொண்டு ஊர் திரும்பியவர். 1785இல் மெல்லிய வெள்ளிக் கம்பியில் ஒரு குச்சியைத் தொங்கவிட்டு, மின்னூட்டிய இரு சிறு பந்துகள் ஒன்றையொன்று தள்ளும் விசையைக் கம்பியின் முறுக்கால் அளந்தார். அந்த விலக்கு விசைக்கு அவர் எழுதிக் காட்டிய அளவீடுகள் மூன்றே மூன்று! பந்துகளின் இடைவெளி 36 பாகையாக இருந்தபோது முறுக்கு 36. இடைவெளி 18 ஆனதும் 144. பாதி தூரம், நான்கு மடங்கு விசை. மூன்றாவதில் முறுக்கை ஏறக்குறைய இன்னும் நான்கு மடங்காக்கினார்; இடைவெளி 9 பாகை வந்திருக்க வேண்டும், வந்தது 8.5. மறைத்தாரா? அப்படியே எழுதினார். சோதனை நடக்கும்போதே மின்னூட்டம் கொஞ்சம் குறைந்துவிடுகிறது என்று காரணமும் சொன்னார். அரைப் பாகை பிசகியதற்கு அவர் அஞ்சவில்லை. நீ அரை மதிப்பெண்ணுக்கு அஞ்சுகிறாய்!

இங்கிலாந்தில் கேவண்டிஷ் என்ற விஞ்ஞானி இதே உண்மையை முன்பே கண்டிருந்தார். வெளியிடாமல் வைத்துக்கொண்டார். 1879இல் மாக்ஸ்வெல் என்ற இயற்பியலாளர் அந்தக் குறிப்புகளை அச்சேற்றியபோது விதிக்குக் கூலூம் பெயர் நிலைத்துப்போயிருந்தது. விடை தெரிந்தும் வகுப்பில் கை தூக்காதவனே, கேட்கிறதா?

சரி, கணக்குக்கு வா. 2 மைக்ரோகூலூம், 3 மைக்ரோகூலூம், நடுவே 30 செ.மீ. மின்னூட்டங்களைப் பெருக்கு: 6 × 10⁻¹². அதை விதியின் மாறிலியான 9 × 10⁹ஆல் பெருக்கு: 0.054. தூரத்தை மீட்டராக்கு: 0.3. வர்க்கம் 0.09. வகு: 0.6 நியூட்டன். ஏறக்குறைய ஒரு கோழிமுட்டையின் எடை. இதற்கா நடுங்கினாய்? சறுக்குகிற இடம் பெரும்பாலும் இரண்டுதான்: மீட்டராக்க மறப்பது, வர்க்கம் போட மறப்பது. இரண்டும் மறதி, மண்டையில் சரக்கில்லை என்பதற்குச் சாட்சி அல்ல. எழுத எழுத மறதி ஓடும்.

எடு பேனாவை! 30ஐ 15 ஆக்கிப் போட்டுப் பார். 2.4 நியூட்டன் வரவேண்டும். வரவில்லையென்றால் அந்த 0.15இன் வர்க்கத்தை மறுபடி பார்.