கைக்குத் தண்ணீர் வார்த்தவன்



இரண்டாம் இராஜாக்கள் புத்தகம் மூன்றாம் அதிகாரத்தில், மூன்று ராஜாக்கள் சேனையோடு வனாந்தரத்தில் தண்ணீரில்லாமல் தவிக்கிறார்கள். கர்த்தருடைய தீர்க்கதரிசி இங்கே யாராவது உண்டா என்று அவர்களில் ஒருவனான யோசபாத் கேட்கிறான். அங்கிருந்த ஒரு வேலைக்காரன் எலிசாவின் பெயரைச் சொல்கிறான். எலிசா யோர்தானைப் பிரித்ததையோ எரிகோவின் கெட்ட தண்ணீரை நல்லதாக்கியதையோ அவன் சொல்லவில்லை. தீர்க்கதரிசி எலியாவின் கைக்குத் தண்ணீர் வார்த்தவன் என்றுதான் சொல்கிறான். யோசபாத்துக்கு அந்த ஒரு தகுதி போதுமாக இருந்தது.

எலிசா ஏதுமற்றவன் அல்ல, பன்னிரண்டு ஏர் பூட்டி உழுத வீட்டுப் பிள்ளை. ஒரு ஏர் மாடு வைத்திருந்தாலே நம் ஊரில் என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் ஏரை விட்டு வந்து செம்பைக் கையில் எடுத்தான்.

இந்தப் பணிவிடை வேதாகமக் காலத்தோடு முடிந்துபோன காரியமல்ல. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் திருப்பத்தூரும் ஒரு காலத்தில் பாரமகால் என்ற ஒரே சீமை. அந்தத் திருப்பத்தூரில் 1921இல் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியது. தொடங்கியவர்கள் இரண்டு மருத்துவர்கள். ஒருவர் தமிழர், சவரிராயன் இயேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துக்காரர், எர்னஸ்ட் ஃபாரஸ்டர் பேட்டன். பேட்டன் செல்வக் குடும்பத்துப் பிள்ளை. வெள்ளைக்காரர் ஆண்ட காலம் வேறு. அவர் நினைத்திருந்தால் தலைவராக உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அந்த ஆசிரமத்தில் இயேசுதாசன்தான் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். சுற்றுப்புறத்து ஜனங்களும் அப்படியே கூப்பிட்டார்கள். இருவரும் கதர் உடுத்தினார்கள், ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். சுதேசி இயக்கத்துக்குத் துணைநின்ற பேட்டன் 1932இல் சென்னையில் தன் சொந்த அரசாங்கத்தின் போலீஸிடமே அடி வாங்கினார்.

தாழ்மை என்றால் தலையைக் குனிந்து மெதுவாகப் பேசுவது என்று நினைக்கிறோம். உண்மையில் தாழ்மை என்பது இரண்டாம் இடத்தில் முணுமுணுக்காமல் நிற்பது. ஒரு நாள் நின்றால் அது நாகரிகம். வருஷக்கணக்கில் நின்றால்தான் உண்மையுள்ள ஊழியம்.

நம் தருமபுரி மாவட்டத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. அரூருக்கு அப்பால் மலைகளுக்கு நடுவே இருக்கிற சிட்லிங்கிக்கு 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் வந்தார்கள். ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். நான் அதைச் சபையின் கணக்கில் எழுதப் பார்க்கவில்லை. ஊழியக்காரர்கள் அங்கே கற்றுக்கொள்ளலாம் என்கிறேன். அந்த மலைப் பெண்களையே அவர்கள் சுகாதாரப் பணியாளர்களாகப் பழக்கினார்கள். நான் இல்லாமல் எதுவும் நடக்காது என்று சொல்வதிலே ஒரு சுகம் உண்டு. நான் இல்லாவிட்டாலும் நடக்கட்டும் என்று அடுத்தவருக்குக் கற்றுக்கொடுப்பவர் அந்தச் சுகத்தை இழந்துதான் ஊழியம் செய்கிறார்.

இப்போது நம் ஆலயத்தைப் பார்ப்போம். மின்விசிறியில் உபயம் என்று ஒரு பெயர். குழல் விளக்கில் ஒரு பெயர், அது வெளிச்சத்தையே பாதி மறைக்கிறது. காணிக்கைப் பெட்டியிலும் ஒரு பெயர். பண்டிகை நோட்டீஸில் பெயர் கீழே போய்விட்டது என்று மூன்று மாதம் ஆலயத்துக்கு வராதவர்களும் உண்டு. ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் பாய் உதறி, தரை கூட்டி, குடத்தில் தண்ணீர் நிரப்புகிற அம்மாவின் பெயரை எந்த நோட்டீஸில் போட்டோம்?

வயலிலிருந்து திரும்பிய வேலைக்காரனை உடனே பந்தியில் உட்காரவைக்கிற எஜமான் உண்டோ என்று லூக்கா பதினேழாம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்கிறார். செய்ய வேண்டியதைத்தான் செய்தோம் என்று சொல்லச் சொல்கிறார். கேட்கக் கடினம்தான். ஆனால் அப்படிச் சொன்னவரே இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் கால்களைக் கழுவினார். தன்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறவனும் அந்த வரிசையில் இருந்தான். நன்றி வராது என்று தெரிந்தும் செய்த ஊழியம் அது.

பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விட, தனியாக இருக்கிற முதியவர்கள் நம் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. இந்த வாரம் ஒருவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். சீட்டு வாங்க வரிசையில் நீங்கள் நில்லுங்கள், அவர் பெஞ்சில் உட்காரட்டும். அடுத்த மாதமும் மாத்திரை தீரும், அப்போதும் போங்கள். ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் அதைச் சொல்லாதீர்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.