திரையிட்ட அறிவு

‘ஜுனூன்’ என்னும் அறபுச் சொல்லுக்குப் பைத்தியம் என்று பொருள் கூறி அமைந்துவிடுகிறோம். அதன் வேரோ மறைத்தலைக் குறிப்பது. கண்ணுக்கு மறைந்த படைப்பு ஜின். கருவறையில் மறைந்த சிசு ஜனீன். மரங்கள் மூடிய சோலை ஜன்னத். ஆக, மஜ்னூன் அறிவு அழிந்தவர் அல்லர், அறிவு திரையிடப்பட்டவர். சொல்லொற்றுமை கண்டு ‘ஜின் பிடித்தது’ என முடிவு கட்டுவோர், ஜனீனும் அவ்வேரில் பிறந்ததே என்பதை எண்ணுவதில்லை.

திரை விழும், விலகும். இருதுருவ மனநோய், பைபோலார் என்றெல்லாம் மருத்துவர் கூறும் நோயின் இயல்பு இதுவே. ஒரு வாரமோ அதற்கு மேலோ உறக்கம் வேண்டாத உற்சாகம், ஓயாத பேச்சு, கைப்பொருளை வாரி இறைத்தல். பிறிதொரு காலம், ஒளுச் செய்யவும் கை எழாத சோர்வு. இடையே நம்மைப் போலவே இருப்பார். அந்த இடைக்காலமே அவருக்குப் பகையாகிறது. “நன்றாகத்தானே இருந்தார், வேண்டுமென்றே செய்கிறார்” என்கிறோம்.

நம் பிக்ஹு இத்துணைக் கடுமையானதன்று. உறங்குபவர் விழிக்கும்வரை, சிறுவர் பருவமடையும்வரை, அறிவு திரிந்தவர் தெளியும்வரை எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளதென நபிமொழி அறிவிக்கிறது. நீடித்த ஜுனூன் வேறு, விட்டுவிட்டு வருவது வேறு எனப் பிரித்த சட்ட வல்லார், தெளிந்த வேளையில் செய்த விற்பனை செல்லும், திரை விழுந்த வேளையில் செய்தது செல்லாது என்றனர்.

ஆயின், எது எந்த வேளை என்று யார் சொல்வது? உற்சாகம் யாவும் ஜுனூன் ஆகிவிடாது. எழுச்சியின் உச்சியில் வீட்டை விற்பவரின் கையொப்பமும், தலாக் உரைப்பவரின் நாவும் தடுமாறாமலே இருக்கக்கூடும். இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இந்நோயைக் காட்டித் தருவதில்லை. பிற நோய்களை விலக்கவே அவை உதவும். கடந்த காலத்தைக் கேட்டே மருத்துவர் அறிகிறார். நோயாளியோ பெரும்பாலும் சோர்வில்தான் அவரை நாடுகிறார். எழுச்சியில் தமக்கு நோயென்றே ஒப்பார். எழுச்சி சொல்லப்படாவிடில் இது வெறும் மனச்சோர்வாகவே தோன்றும்; அதற்குரிய மருந்து மட்டும் தரப்பட்டால், சிலருக்கு எழுச்சி மூண்டுவிடுவதும் உண்டு.

எனவே நோயறிதல் ஒருவகைச் சாட்சியம், சாட்சிகள் வீட்டார். மகளுக்கு வரன் தேடும் வீடு வாய் திறப்பதில்லை. சாட்சியத்தை மறைக்காதீர் என்னும் இறைக்கட்டளையைக் கொடுக்கல் வாங்கலுக்கு மட்டும் உரியதாக்கிவிட்டோம் போலும்! வீட்டில் மறைக்க இயலாதபோது தொலைவில் கொண்டு விடுகிறோம். பித்தெழுச்சிக்கு லித்தியம் உப்பு பயன்படுமென ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949இல் வெளியிட்டார். அரை நூற்றாண்டுக்குப் பின்னும், 2001 ஆகஸ்டில் ஏர்வாடிக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றி மாண்டனர்.

நிற்க. தெளிந்தவர்மீது எழுதுகோல் மீண்டும் இறங்குகிறது. மருந்தை விடாதிருப்பதும், வீட்டுப் பத்திரங்களை நம்பகமானவரிடம் ஒப்படைப்பதும் அவ்வேளைக்குரிய கடமைகள். லித்தியம் உண்பவர் உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு நஞ்சாகும் அளவுக்கு ஏறலாம். ஸஹருக்காக உறக்கம் கெடுவதும் எழுச்சியைத் தூண்டக்கூடும். ஆதலின் ரமலானுக்குப் பல வாரங்கள் முன்னரே மருத்துவரைக் கேட்டாக வேண்டும். நோன்பு வேண்டாமென அவர் கூறின், வயிற்றுப் புண்ணுடையார்க்கு நாம் தயங்காது தரும் சலுகை இவருக்கும் உண்டு.