ஒப்புரவும் பொது அறிவுக் களஞ்சியமும்: மும்பைக் குடிசைவாழ்வோர் கணக்கெடுப்புகளை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

பொருளாதார வளர்ச்சி குறித்த நூல்கள், ஆய்வறிக்கைகள், புள்ளிவிவரங்கள் ஆகியவற்றை யாவரும் விலையின்றிப் பெறுமாறு இணையத்தில் தொகுத்து வைக்கும் போக்கு இந்நூற்றாண்டில் வலுப்பெற்றுள்ளது. உலக வங்கி தன் புள்ளிவிவரங்களை 2010இல் கட்டணமின்றித் திறந்துவிட்டது. 2012இல் தன் வெளியீடுகளுக்கெனத் திறந்த களஞ்சியம் ஒன்றை நிறுவியது. பல்கலைக்கழகங்களும் தொண்டு நிறுவனங்களும் தனி அறிஞர்களும் தத்தம் ஆக்கங்களை இத்தகைய பொது நூலகங்களுக்கு வழங்கி வருகின்றனர். இவ்வழங்கல் நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அது எவ்வகை அறத்தின்பாற்படும் என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை.

வளர்ச்சி நூலகத்திற்குக் கொடுப்போர் இருவகையினர். அறிக்கையை எழுதி அளிப்பவர் ஒருவர். தம் வீட்டின் அளவையும் வருவாயையும் கடனையும் சொல்லி அவ்வறிக்கைக்குப் பொருள் தந்தவர் மற்றொருவர். முன்னவரின் பெயர் முகப்பில் இடம்பெறுகிறது; பின்னவர் அட்டவணையில் ஓர் எண்ணாகிறார். யாவர்க்கும் திறந்திருப்பது மட்டுமே ஒரு நூலகத்தை அறமுடையதாக்குமா, அன்றி எவருடைய வாழ்விலிருந்து அது நிரப்பப்பட்டதோ அவர் அதிலிருந்து பயன்கொள்ளுதலும் வேண்டுமா என்பதை மும்பைச் சான்றுகளைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈகையும் ஒப்புரவும்

திருக்குறள் இல்லறவியலில் ஒப்புரவறிதல் 22ஆம் அதிகாரமாகவும் ஈகை 23ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ளன. ஈகை, இல்லாதவர்க்குக் கொடுப்பது. கொடுப்பவர் மேலும் பெறுபவர் கீழுமாக நிற்கும் உறவு அது. ஒப்புரவோ உலகநடையறிந்து ஊரோடு ஒத்து வாழ்தல். இவ்வதிகாரத்தில் செல்வத்திற்கு உவமையாக வருவன நீர் நிறைந்த ஊருணி, ஊர்நடுவே பழுத்த பயன்மரம், மருந்தாகும் மரம் ஆகிய மூன்றும் ஆகும். இவற்றுள் எதுவும் ஆளறிந்து கொடுப்பதில்லை. ஊருணியில் நீர் மொள்பவர் எவரிடமும் கையேந்துவதில்லை. ஆதலின் இணையத்தில் ஒரு பொது நூலகத்தை நிறைப்பது ஈகையினும் ஒப்புரவுக்கே நெருக்கமானது எனலாம்.

மருந்து மரத்தைப் பற்றிய உவமையில் அம்மரம் தப்பாதிருத்தல் வேண்டும் என்பது குறிப்பு. மரம் தப்புதலாவது யாது என்பதைப் பரிமேலழகர் மூவகையாக விளக்குகிறார். பெறுதற்கரிய இடத்தில் நிற்றல், மறைந்து நிற்றல், காலத்தால் வேறுபடுதல் என்பன அவை. மரம் பட்டுப்போகவில்லை, எவரும் அதனை வேலியிட்டு அடைக்கவுமில்லை. எனினும் நோயாளிக்கு அது உதவாமற்போகலாம். உரையாசிரியர் கண்ட இம்மூன்று குறைகளும் இன்றைய பொது அறிவுக் களஞ்சியங்களை அளக்கத் தக்க அளவுகோலாக அமைகின்றன.

குறையாப் பொருளின் இயல்பு

நீர் மொள்ளக் குறையும். கனி பறிக்கக் குறையும். அறிவு அவ்வாறன்று. ஓர் அறிக்கையைப் பதினாயிரவர் படித்தாலும் அது தேய்வதில்லை. இவ்வியல்பு மணிமேகலையின் அமுதசுரபியை நினைவூட்டுகிறது. அள்ள அள்ளக் குறையாத அப்பாத்திரம் ஆபுத்திரன் கதையில் ஒருமுறை முற்றிலும் பயனற்றுப் போகிறது. மாந்தரில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்ட அவன், உண்பாரின்றித் தானொருவன் உண்ண விரும்பாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர்விடுகிறான். பாத்திரத்தில் குறைவில்லை; பெறுவோரில்லாமையே குறை. பொருள் குறையாதது என்பதனால் மட்டும் அது பொதுவுடைமை ஆகிவிடுவதில்லை என்பது இதனால் புலனாகும்.

பொதுவளங்களின் மேலாண்மையை ஆராய்ந்து 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம், பொதுவளம் என்பது வேலியற்ற வெற்றிடமன்று என்பதைப் பல நாட்டுச் சான்றுகளால் காட்டினார். நீர்ப்பாசனமாயினும் மேய்ச்சல் நிலமாயினும், பயன்படுத்துவோரே விதிகளை வகுத்துக் காத்துவந்த இடங்களில் அவை நிலைத்தன. சார்லட் ஹெஸ்ஸுடன் இணைந்து 2007இல் அவர் பதிப்பித்த தொகுதி இக்கருத்தை அறிவுத்துறைக்கும் விரித்தது. விதி வகுப்பதில் பங்கில்லாதவரிடமிருந்து பெறப்படும் அறிவைப் பொதுவளம் என்பது எவ்வாறு பொருந்தும் என்னும் வினாவுக்கு மும்பை வரலாறு விடை தருகிறது.

எண்ணப்பட்டவர் எண்ணத் தொடங்கியமை

செம்பூரை அடுத்த மான்கூர்ட் பகுதியில் அணுசக்தி ஆய்வு மையத்தின் அருகே ஜனதா காலனி என்னும் குடியிருப்பு இருந்தது. கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மும்பைக்கு வந்த ஜோக்கின் அற்புதம் இங்குதான் பொதுவாழ்வைத் தொடங்கினார். நெருக்கடிநிலைக் காலமான 1976இல் அக்காலனி அகற்றப்பட்டு மக்கள் சீத்தா கேம்ப் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே ஆண்டுத் தொடக்கத்தில் அரசு நகரின் குடிசைகளைக் கணக்கெடுத்துப் புகைப்பட அட்டைகளை வழங்கியிருந்தது. குடிசைவாழ்வோர்க்குக் கணக்கெடுப்பு என்பது ஒருபுறம் இருப்புக்குச் சான்று. மறுபுறம் அகற்றுவதற்கு வழிகாட்டும் பட்டியல். பட்டியலை வைத்திருப்பவர் எவர் என்பதைப் பொறுத்தே அதன் பொருள் அமைந்தது.

அற்புதம் உருவாக்கிய தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு, 1984இல் தோன்றிய ஸ்பார்க் நிறுவனம், நடைபாதைப் பெண்களிடையே 1986இல் உருவான மகிளா மிலன் ஆகிய மூன்றும் பின்னர் இணைந்து செயற்பட்டன. நடைபாதைவாசிகளை அகற்ற மாநகராட்சிக்கு இசைவளித்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு 1985இல் வந்தது. வாழ்வாதார உரிமை வாழும் உரிமையின் பகுதியே என்று அத்தீர்ப்பு ஏற்றபோதிலும், நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை ஏற்கவில்லை. அதே ஆண்டில் ஸ்பார்க் நடைபாதைக் குடும்பங்களை எண்ணி, ‘கண்ணுக்குப் புலப்படாத நாங்கள்’ என்று பொருள்படும் தலைப்பில் ஆங்கில அறிக்கையாக வெளியிட்டது. சுமார் 6,000 குடும்பங்கள் அதில் இடம்பெற்றன. இவர்கள் நேற்று வந்து நாளை செல்பவர்கள் என்னும் பொதுக்கருத்தை அவ்வறிக்கை மறுத்தது.

அடுத்த ஆண்டில் தாராவியிலும் மக்களே கணக்கெடுத்தனர். பிரதமரின் நிதியுதவித் திட்டம் தாராவியை மாற்றியமைக்க முனைந்த காலம் அது. அரசு கொண்டிருந்த மதிப்பீட்டினும் மிகுதியாக, ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அங்கு வாழ்வதை இக்கணக்கு காட்டியது. குறைத்து எண்ணப்படும் இடத்தில் திட்டத்திற்கு வெளியே நிற்கப்போகிறவர் ஏழைகளே என்பதால் இவ்வேறுபாடு வெறும் எண் வேறுபாடன்று. பின்னர் இருப்புப்பாதையோரக் குடும்பங்களும் இம்முறையில் எண்ணப்பட்டன. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் சுமார் 60,000 பேர் வன்முறையின்றி மாற்றிடங்களுக்குச் சென்றதற்கு, மக்களிடமே இருந்த பட்டியல்கள் அடிப்படையாயின.

இங்கு நோக்கத்தக்கது அறிவின் ஓட்டமாகும். வீடுதோறும் எண்ணியவர்கள் பெரும்பாலும் அப்பகுதியினரே. எண்ணிய கணக்கு முதலில் அவர்கள் கூட்டத்தில் வைக்கப்பட்டது; பிழைகள் அங்கேயே திருத்தப்பட்டன; அதன் பின்னரே அது அதிகாரிகளிடம் சென்றது. இம்முறை 1991 முதல் தென்னாப்பிரிக்காவுக்கும், 1996இல் பன்னாட்டுக் குடிசைவாழ்வோர் அமைப்பு உருவான பின் பிற நாடுகளுக்கும் பரவியது. பல நகரங்களின் குடியிருப்புகளைப் பற்றி மக்களே திரட்டிய தரவுகள் பின்னாளில் ஒரு பொது இணையத் தொகுப்பாகவும் வடிவெடுத்தன. அள்ளக் குறையாத பொருள் தொலைவில் இருந்தவர்க்கும் பயன்பட்டது. எனினும் அது முதலில் நிறைந்தது, அதனை ஊறச் செய்தவர் கையில்தான்.

திறத்தலின் இடர்

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கொடுத்தவரின் கட்டுப்பாட்டை வலியுறுத்தினால் பொதுநூலகம் வளராது. அறிவு எவரிடமும் இசைவு கேளாமல் பரவுவதே அதன் பயன் என்பது அத்தடை. இதில் உண்மை உண்டு. மும்பை அறிக்கைகள் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் தென்னாப்பிரிக்கருக்கு அவை உதவியிரா.

ஆயினும் ஊருணியில் குடத்தோடு வருபவரும், குழாய் பூட்டி நீரை விற்பனைக்குக் கொண்டுசெல்பவரும் ஒருவரல்லர். ஒரு குடியிருப்பில் எத்தனை வீடுகள், எத்தனை கழிப்பறைகள் என்னும் தொகுப்புக் கணக்கு எவர் கையில் இருந்தாலும் பெருந்தீங்கு விளைவதில்லை. எந்த வீட்டின் மேல்தளத்தில் எவர், எந்த ஆண்டு முதல், எந்த ஆவணமின்றி வாழ்கிறார் என்னும் செய்தி வேறுவகையினது. தாராவி மறுசீரமைப்புக்கென 2024 மார்ச்சில் வீடுதோறும் கணக்கெடுப்பு தொடங்கியபோது, 2000 ஜனவரி 1க்கு முன் குடியேறியவரா என்பதும், தரைத்தளத்தில் வாழ்பவரா என்பதும் ஒரு குடும்பம் தாராவியிலேயே விலையின்றி வீடு பெறுமா என்பதைத் தீர்மானிக்கும் நிலை இருந்தது. இத்தகைய சூழலில் ஒரு தனிச்செய்தி ஒரு குடும்பத்தின் இருப்பிடத்தையே மாற்றவல்லது.

சட்டமும் இவ்விடத்தில் முழுத்துணையாவதில்லை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தம் தரவுக்குப் பொருந்துவதில்லை. நல்லெண்ணத்தோடு திறந்து வைத்தவரே காப்பை இழக்கும் நிலை இதனால் எழுகிறது. எனவே ‘அனைத்தையும் திற’ என்பது அறமாகாது. தொகுப்பைத் திறத்தல், தனியொருவரை மறைத்தல், இவ்விரண்டுக்கும் எல்லை எது என்பதைச் செய்தி தந்தவரோடு கூடி வரைதல் என்னும் மூன்றும் சேர்ந்ததே ஒப்புரவு. தடையாளர் அஞ்சுவது போல் இது நூலகத்தைச் சுருக்காது. தாம் காட்டிக்கொடுக்கப்படமாட்டோம் என்று நம்புகின்றவரே மெய்க்கணக்கைச் சொல்வர்.

எட்டாத இடத்து மரம்

பரிமேலழகர் கூறிய முதற்குறை, பெறுதற்கரிய இடம். இன்று அவ்விடம் பெரும்பாலும் மொழியாகும். மும்பைத் தமிழர் வரலாறே இதற்குச் சான்று. எழுத்தர்களாகவும் சுருக்கெழுத்தாளர்களாகவும் வந்தோர் மாதுங்காவில் குடியேறினர்; 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகத்தைத் தோற்றுவித்துத் தம் வழித்தோன்றல்களைக் கல்வியால் நிலைநிறுத்தினர். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கு வந்தோர் தாராவியில் தங்கினர். முன்னவர் ஆவணங்களை எழுதியவர். பின்னவர் ஆவணங்களில் எழுதப்பட்டவர். ஒரே தாய்மொழியினர் எனினும் அறிவுக் களஞ்சியத்தில் அவர்கள் நிற்கும் இடம் வேறு.

மும்பையில் பிறந்த தமிழரான மானிடவியலறிஞர் அர்ஜுன் அப்பாதுரை, மேற்கூறிய மூன்று அமைப்புகளின் பணியை 2001இல் விரிவாக எழுதினார். ஆய்வு செய்தல் வல்லுநர்க்கு மட்டும் உரியதன்று, ஒவ்வொருவர்க்கும் உரிய உரிமை என்று 2006இல் வாதிட்டார். தாராவியைப் பற்றி உலகறிந்த இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. தாராவித் தெருவில் தமிழில் சொல்லப்பட்ட விடை, தமிழில் திரும்பி வராதவரை, அவ்வுரிமை முழுமை பெறாது.

தமிழ்த்துறைகளின் கடமை

விலையின்றிக் கொடுக்கும் மரபு தமிழுக்குப் புதிதன்று. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்தும் மெய்ப்பு பார்த்தும் இலக்கியங்களை மின்வடிவாக்கினர். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் காக்க 2005இல் நூலகம் திட்டம் தோன்றியது. இலக்கியத்தில் காட்டிய இம்முயற்சி தொழில், கடன், குடியிருப்பு, புலம்பெயர்வு ஆகியவை பற்றிய அறிவுக்கும் விரிதல் வேண்டும்.

அத்தகைய அறிவு நம் துறைகளிலேயே உள்ளது. குயவர், மீனவர், உப்பளத் தொழிலாளர் எனப் பலரின் வாழ்வியலை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடுகள் பதிவு செய்துள்ளன. இவற்றுட் பல நிலைப்பேழைகளில் கிடப்பது, மறைந்து நிற்றல் என்னும் இரண்டாம் குறையாகும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளை அடுத்து ஆய்வேடுகள் சோத்கங்கா களஞ்சியத்தில் ஏறி வருவதால் இக்குறை ஓரளவு நீங்குகிறது. ஆனால் அவ்வேடுகளின் பின்னிணைப்பில் தகவலாளர் பட்டியல் உண்டு. பெயர், வயது, சாதி, ஊர், தொழில் ஆகியன அதில் இடம்பெறும். நேர்முகத் தேர்வாளர் மட்டுமே பார்ப்பர் என்னும் எண்ணத்தில் கொடுக்கப்பட்ட செய்திகள் அவை. ஏட்டைத் திறக்கும்போது பட்டியலையும் திறப்பதா என்பது நெறியாளர் ஒவ்வொருவரும் விடையளிக்க வேண்டிய அறவினா. நூலைத் திறந்து பட்டியலைக் காப்பதும், ஆய்வின் சுருக்கத்தை எளிய தமிழில் அவ்வூர்க்கே திருப்பித் தருவதும் ஒப்புரவின் குறைந்த அளவுத் தேவைகளாகும்.

மூன்றாம் குறை காலத்தால் வேறுபடுதல். 1986ஆம் ஆண்டுக் கணக்கு இன்றைய தாராவிக்குச் சான்றாகாது. ஒருமுறை நிரப்பிவிட்டு நீங்கினால் ஊருணி தூர்ந்துபோகும். ஆண்டுதோறும் தூர்வாருவார் எவர் என்பதை வகுக்காமல் தொடங்கப்படும் மின்னூலகம் சில ஆண்டுகளில் பழங்கணக்குகளின் கிடங்காகும்.

முடிவுரை

பொது நூலகத்திற்கு விலையின்றி வழங்குதல் ஒப்புரவு என்னும் அறத்தின்பாற்பட்டது. ஒப்புரவில் கொடுப்போரும் கொள்வோரும் ஓரூரார். எவருடைய வாழ்வு களஞ்சியத்தை நிறைத்ததோ அவர் அதில் மொள்ள இயலாதபோது அது ஒப்புரவாகாது, விலையின்றி நிகழ்ந்த கொள்முதலாகும். எட்டும் மொழியில் இருத்தல், மறையாது நிற்றல், காலந்தோறும் பேணப்படுதல், செய்தி தந்தவரைக் காட்டிக்கொடாமை என்பன இக்கட்டுரை கண்ட நெறிகள். அடுத்த ஆய்வேட்டைக் களஞ்சியத்தில் ஏற்றுமுன் அதன் தகவலாளர் பட்டியலை ஒருமுறை படித்துப் பார்த்தலிலிருந்து தமிழ்த்துறைகள் இப்பணியைத் தொடங்கலாம்.