ஈறு சொல்லும் சாட்சி

கார்த்திகை முதல் தேதி சபரிமலைக்கு மாலை போட்டுக்கொள்கிறவர், முந்தின நாள்வரை இரண்டு கட்டு பீடி இழுத்தவராக இருந்தாலும், அன்றிலிருந்து தொடமாட்டார். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் இருக்கிற கிளியனூரானாலும், கிழக்கே மரக்காணத்து உப்பளமானாலும், தமிழ்நாட்டின் வேறெந்த ஊரானாலும் இது வருஷா வருஷம் நடப்பதுதான். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய மறுநாளே பலர் தீப்பெட்டியைத் தேடுவார்கள் என்பதும் ஊரறிந்த சங்கதி.

இன்னொருவரை எடுத்துக்கொள்வோம். வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்; மாலை போடும் வழக்கம் இல்லை; ஆனால் சிகரெட்டை விட்டு வேப் என்கிற இ-சிகரெட்டுக்கு மாறிவிட்டார். அதற்குப் பிறகு ஒரு சிகரெட்கூடப் பற்றவைக்கவில்லை. இருவரில் யார் விட்டவர்? முதலாமவர் எல்லாவற்றையும் கொஞ்ச காலத்துக்கு விட்டார். இரண்டாமவர் ஒன்றை ஒரேயடியாக விட்டு, அந்த இடத்தில் வேறொன்றை வைத்தார். விரதம், துறவு, பற்று என்று நெடுங்காலமாகப் பேசிவரும் மரபுக்கு இது புதிய கேள்வி இல்லை. புதிதாக இருப்பது, இந்த வழக்கில் ஈறும் சாட்சி சொல்ல வருவதுதான். வேப்புக்கு மாறிய சில வாரங்களில், பல் துலக்கித் துப்பும்போது எச்சிலில் சிவப்பு தெரிகிறது என்பது மாறியவர்கள் பலரும் சொல்லும் புகார்.

புகைபிடிக்கிறவரின் ஈறில் ரத்தக் கசிவு குறைவாகத்தான் இருக்கும். அது நலத்தின் அடையாளம் அல்ல. நிகோடின் ஈறின் நுண்ணிய ரத்தக்குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. அடியில் காரை படிந்து, பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும், மேலே பார்த்தால் வெளிறிய, கெட்டியான ஈறுதான் தெரியும். பல் ஆட்டம் காணும்போதுதான் உள்ளே நடந்தது வெளியே வரும். 2003-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், புகையை நிறுத்தியவர்களின் ஈறுகளை நான்கு முதல் ஆறு வாரம் கழித்துச் சோதித்தார்கள். ரத்தம் கசியும் இடங்கள் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்தன. அதுவும் அவர்கள் முன்பைவிட நன்றாகப் பல் துலக்கிவந்த நிலையில். 2016-இல் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் வந்த இன்னொரு ஆய்வு நம் விஷயத்துக்கு மேலும் நெருக்கம்: 20 பேர், இரண்டு வாரம், சிகரெட்டுக்குப் பதில் வேப். ஈறின் அழற்சி கூடியது. 20 பேரை வைத்துப் பெரிய தீர்ப்பு எழுத முடியாது. வேப்பிலும் நிகோடின் உண்டு என்பதால் கணக்கும் அவ்வளவு நேராக இல்லை. ஆனாலும் இரண்டு ஆய்வுகளும் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன. இத்தனை நாள் வாயடைத்துக் கிடந்த ஈறு பேசத் தொடங்குகிறது.

அது பேசுவதை எப்படிப் புரிந்துகொள்வது என்பதில்தான் தத்துவம் நுழைகிறது.

மணிமேகலைக் காப்பியத்தின் பிற்பகுதி காஞ்சியில் நடக்கிறது. அறவண அடிகள் அங்கே மணிமேகலைக்குத் தருமம் சொல்லப் புகுமுன், எது சரியான அனுமானம், எது போலி என்று நீளமாகப் பாடம் நடத்துகிறார். கதை கேட்க வந்தவர்கள் பலர் தாண்டிப்போகும் பகுதி; தாண்டாதவர்களுக்குப் புதையல். போலி அனுமானங்களில் ஒன்றுக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு இது: எதிரே எழுவது ஆவியா பனியா என்று இன்னும் ஐயம் தீரவில்லை, அதற்குள் அதைப் புகை என்று வைத்துக்கொண்டு, அங்கே நெருப்பு இருக்கிறது என்று துணிந்துவிடுவது. வடமொழியில் நியாயப்பிரவேசம் என்ற பௌத்த அளவைநூலிலும் இதே ஆவி உதாரணம் உண்டு. மார்கழி விடியலில் கழுவெளி ஏரியின்மேல் கிடக்கும் மூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆவியை ஊதித்தள்ளும் கருவி ஒன்று வரும் என்று அந்தத் தருக்க ஆசிரியர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். உதாரணம் என்னவோ இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது.

வேப் பிடிப்பவரைச் சுற்றி இப்படிப்பட்ட அனுமானங்கள் மூன்று உலவுகின்றன. நெருப்பு இல்லை, ஆகவே கேடும் இல்லை என்பது முதலாவது. சிகரெட் பிடித்த காலத்தில் ஈறில் ரத்தம் வந்ததில்லை, ஆகவே அப்போது ஈறு நன்றாக இருந்தது என்பது அடுத்தது. இப்போது ரத்தம் வருகிறது, ஆகவே வேப் சிகரெட்டைவிட மோசம், பழையதற்கே திரும்பிவிடலாம் என்பது கடைசி. மூன்றில் இதுதான் ஆபத்தானது. அடையாளம் தெரியவில்லை என்பதால் பொருளே இல்லை என்று ஆகிவிடாது. கிளியனூர்க்காரர்களுக்கு இது சொந்த ஊர்க் கதை. அகத்தீஸ்வரர் கோயில் கொண்ட இந்த ஊருக்கு உரிய சம்பந்தர் பதிகம் பிற்காலத்தில்தான் கிடைத்தது. அதன் பிறகே ஊர் பாடல் பெற்ற தலங்களின் வரிசையில் சேர்ந்தது. கிடைக்காத காலத்திலும் பதிகம் பதிகமாகத்தான் இருந்தது.

இதனால் வேப்புக்கு நற்சான்று கொடுத்துவிட முடியாது. அதன் திரவத்தில் இருக்கும் புரோப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் ஈரத்தை இழுப்பவை. வாய் உலர்கிறது, பல்லைக் கழுவிக் காக்கும் உமிழ்நீர் குறைகிறது. இனிப்புச் சுவையூட்டிய பிசுபிசுப்பு பல்லில் ஒட்டுகிறது. 2020-இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சுகீர்த் கணேசன், பூர்ணிமா குமார் ஆகியோர் உள்ளிட்ட குழு, ஈறுநோய் இல்லாத 123 பேரின் ஈறடியில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்ந்தது. சில மாதங்களே வேப் பிடித்தவர்களிடமும் அந்த உயிர்க்கூட்டம் ஈறுநோயாளிகளுடையதைப் போல மாறியிருந்தது. திரவத்தில் நிகோடின் இருந்ததா இல்லையா என்பது அதில் பெரிய வேறுபாடு செய்யவில்லை. அதே ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 119 பேரை மூன்று பிரிவாகப் பார்த்தது. ஈறுநோயோ தொற்றோ இருந்தவர்கள் சிகரெட் பிடிப்பவர்களில் 72.5 சதவீதம், வேப் பிடிப்பவர்களில் 42.5, இரண்டும் தொடாதவர்களில் 28.2. 2022-இல் டஃப்ட்ஸ் பல்மருத்துவப் பள்ளியினர் 13,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் புரட்டினார்கள். வேப் பிடிப்பவர்களில் 79 சதவீதம் பேர் சொத்தை வரும் அபாயம் மிகுந்தவர்கள், மற்றவர்களில் 60.

ஆக, வேப் நடுவில் நிற்கிறது. நடுவில் நிற்பதை மதங்கள் எப்படிக் கையாள்கின்றன? துறவிகளுக்கான ஒழுக்க நூலான பௌத்த விநயத்தில் சுவையான நிகழ்ச்சி ஒன்று வருகிறது. பிலிந்தவச்சர் என்ற துறவிக்குத் தலைவலி. எண்ணெய் தடவியும் மூக்கில் மருந்து விட்டும் தீரவில்லை. மருந்துப்புகை இழுக்கப் புத்தர் அனுமதிக்கிறார். திரியைக் கொளுத்தி இழுத்ததில் தொண்டை எரிந்தது. குழாய்க்கு அனுமதி வந்தது. உடனே சில பிக்குகள் பொன்னிலும் வெள்ளியிலும் குழாய் செய்துகொள்ள, ஊரார் பழித்தார்கள். எலும்பு, மூங்கில், மரம், சங்கு போன்றவற்றால் மட்டும் செய்யலாம் என்று விதி பிறந்தது. குழாய்க்குள் பூச்சி புகுந்தது; மூடி வந்தது. குழாய்கள் கையில் அலைந்தன, பை வந்தது. ஒன்றோடொன்று உரசின, இரட்டைப் பை வந்தது. பையைத் தோளில் மாட்ட வார் வந்தது. சரகர் தம் மருத்துவ நூலிலும் இத்தகைய குழாய்ப் புகைக்கு விதிகள் எழுதியிருக்கிறார். ஒரு தலைவலியில் தொடங்கிய சலுகை, படிப்படியாகக் கருவி, உறை, வார் என்று வளர்வதை விநயம் ஒளிவுமறைவில்லாமல் பதிந்து வைத்திருக்கிறது. இன்றைய வேப் கடையின் கண்ணாடிப் பேழையைப் பார்த்தால் அந்தத் துறவிகள் அதிகம் வியந்திருக்க மாட்டார்கள்.

மாற்றுப்பொருளை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிடவும் பௌத்தம் இடம்தரவில்லை. மஜ்ஜிம நிகாயத்தின் 20-ஆம் சூத்திரம் தீய எண்ணத்தைப் போக்க ஐந்து வழி சொல்கிறது. முதல் வழி, நல்ல எண்ணம் ஒன்றை அதனிடத்தில் கொண்டுவருவது. தச்சன் சிறிய ஆப்பை அடித்துப் பெரிய ஆப்பை வெளியேற்றுவதுபோல. கடைசி வழி, பல்லைக் கடித்துக்கொண்டு நாவை அண்ணத்தில் அழுத்தி மனத்தை மனத்தால் அடக்குவது. (ஈறுநோய்க்காரர்கள் முதல் வழியிலேயே காரியத்தை முடித்துக்கொள்வது நல்லது.) இங்கிலாந்து 2023-இல் பத்து லட்சம் பேருக்கு வேப் கொடுத்துச் சிகரெட்டை விடவைக்கத் திட்டம் அறிவித்தது, சிறிய ஆப்பின் மேல் வைத்த நம்பிக்கைதான் அது. ஆனால் தச்சன் சிறிய ஆப்பையும் பிறகு எடுக்கிறானா என்பதே கேள்வி. தவிர, சூத்திரம் பேசுவது தீயதன் இடத்தில் நல்லதைப் பற்றி. குறைவான தீயதைப் பற்றி அல்ல.

மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2015 டிசம்பரில் வேப்பை ஹராம் என்றது. இந்தோனேசியாவின் முகம்மதியா அமைப்பு 2020 ஜனவரியில் அதே முடிவுக்கு வந்தது. அமெரிக்க மார்மன் சபை 2019-இல், தங்கள் உணவு ஒழுக்கவிதி வேப்பையும் தடுக்கிறது என்று இளைஞர்களுக்கு எழுதியது. உடல் ஒப்படைக்கப்பட்ட பொருள், அதைக் கெடுக்க உரிமை இல்லை என்பது இவற்றுக்குப் பின்னால் உள்ள வாதம். நியாயமானதுதான். ஆனால் 72.5-இலிருந்து 42.5-க்கு இறங்கி வந்தவருக்கும், 28.2-இலிருந்து 42.5-க்கு ஏறிப்போன பதினெட்டு வயதுப் பையனுக்கும் ஒரே தீர்ப்பு எப்படிப் பொருந்தும்? செயல் ஒன்றுதான், நடக்கும் திசை வேறு. இருவரையும் ஒரே சொல்லால் அடிக்கும்போது முதலாமவர் பழைய இடத்துக்கே ஓடிப்போகக் கூடும். உடலைப் பேணும் விஷயத்தில் வள்ளலாரின் போக்கு வேறு விதம். வடலூர்ப் பெருமான் எழுதிய நித்திய கரும விதி, வேலங்குச்சி, ஆலம் விழுது, கரிசலாங்கண்ணித் தூள் என்று பல் துலக்குவதைத் தியானத்தோடு ஒரே வரிசையில் வைக்கிறது. அங்கே பல் பராமரிப்பு அன்றாட ஒழுக்கத்தின் ஒரு பகுதி. தண்டனைக்குப் பயந்து செய்வது அல்ல.

இந்தியாவில் நிலைமை இன்னும் சிக்கல். தமிழ்நாட்டில் 2018-இலும், நாடு முழுவதும் 2019-இலும் இ-சிகரெட் தடை வந்தது. விற்றால் முதல் தடவைக்கு ஓராண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். பீடியோ பெட்டிக்கடைதோறும் தாராளமாகக் கிடைக்கிறது. தடைக்கு அடியில் வரும் குப்பியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்ணுக்கும் நாக்குக்கும் அது சாராயமாகத்தான் இருந்திருக்கும்.

தடையோடு கூச்சமும் சேரும்போது வாய் மூடிக்கொள்கிறது. ஈறில் ரத்தம் என்று புதுச்சேரிக்கோ திண்டிவனத்துக்கோ பல் மருத்துவரிடம் போகிறவர், 'சிகரெட்டா? விட்டு ஆறு மாசம் ஆச்சு டாக்டர்' என்று மட்டும் சொல்லி, பையில் இருப்பதைச் சொல்லாமல் விட்டுவிடலாம். மருத்துவர் மெல்லிய அளவுகோலை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கிப் பார்ப்பார். மூன்று மில்லிமீட்டர்வரை சரி. நான்கை எட்டினால் அங்கே பை விழுந்திருக்கிறது என்று பொருள். எலும்பு எவ்வளவு கரைந்தது என்பதை எக்ஸ்ரே காட்டும். பழைய புகை தோண்டிய பள்ளம் எது, புதிய ஆவி உலர்த்திய ஈறு எது என்று பிரித்துச் சொல்லும் வேலை அவருடையது. நோயாளி பாதியை மறைத்தால், கைதேர்ந்த மருத்துவரும் அறவண அடிகள் எச்சரித்த அந்த ஐயமான சான்றை வைத்துக்கொண்டுதான் சிகிச்சை எழுத வேண்டியிருக்கும்.