பாட்டியின் பங்கு

 

ஹலரத் அபூபக்கர் சித்தீக் (ரலி) அவர்கள் கலீஃபாவாக இருந்தது கி.பி. 632 முதல் 634 வரை, இரண்டே ஆண்டு. அந்தக் குறுகிய காலத்தில் அன்னாருக்கு இருந்த அலுவல் கொஞ்சமா? அப்படிப்பட்டவர்களிடம் ஒரு மூதாட்டி வந்து நின்றார். இறந்துபோன தம் பேரனின் பொருளில் தமக்கு ஏதேனும் பங்கு உண்டா என்று கேட்டார். கலீஃபா அவர்கள் அந்த அம்மையாரை ஏளனமாகப் பார்க்கவில்லை, இந்த வயதில் உமக்குப் பணம் எதற்கு என்று கேட்கவும் இல்லை. இறைமறையில் பாட்டிக்கென்று ஒரு பங்கைத் தாம் காணவில்லை, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்தும் இதுபற்றித் தாம் அறியவில்லை, மற்றவர்களை விசாரிக்கும் வரை போயிருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

விசாரித்தார்கள். முகீரா இப்னு ஷுஅபா (ரலி) அவர்கள், நாயகம் அவர்கள் பாட்டிக்கு ஆறில் ஒரு பங்கு கொடுத்தபோது தாம் உடனிருந்ததாகச் சொன்னார்கள். அத்தோடு விட்டார்களா? உம்முடன் வேறு யார் இருந்தார் என்று கேட்டார்கள். முஹம்மது இப்னு மஸ்லமா (ரலி) அவர்கள் எழுந்து அவ்வாறே சாட்சி சொன்ன பிறகு, ஆறிலொன்று அந்த மூதாட்டியின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. (இறந்தவரின் தாயார் உயிரோடிருந்தால் பாட்டிக்கு இந்தப் பங்கு வராது. அந்த விவரமெல்லாம் ஆலிம்சாக்களைக் கேட்டுக்கொள்க, நாம் கடைக்காரர்.)

வியாபாரிகளாகிய நமக்கு இந்தச் சம்பவம் நன்றாகப் புரியவேண்டும். ஒரு கிழவியின் கணக்குக்காக இரண்டு சாட்சி தேடியிருக்கிறார்கள்! நாம் நம் பாட்டிமார்களின் கணக்கை எப்போதாவது எடுத்துப் பார்த்ததுண்டா?

உம்மம்மா என்பார், நன்னி என்பார், பெத்தம்மா என்பார். ஊருக்கு ஊர் பெயர் மாறும். இச்சிங்கப்பூரில் கடை வைத்த நம்மவரில் பலருக்குப் பாட்டி என்பவர் கடலுக்கு அப்பால் இருந்தவர். ஆண்கள் மட்டும் கப்பலேறி வந்து, கடையிலேயே உண்டு உறங்கி, மாதாமாதம் பணம் அனுப்பினார்கள். பெண்கள் ஊரில் இருந்துகொண்டு, கடிதத்தை யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு பிள்ளை வளர்த்தார்கள். கடையநல்லூர்க்காரர் கதையோ வேறு. கைத்தறி நலிந்து, தறிக்குழியில் இருந்தவனுக்கு அரைவயிறும் நிரம்பாத நிலையில், அவர்கள் குடும்பம் குடும்பமாகப் புறப்பட்டு வந்தார்கள். தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். அவ்வூர்ப் பெயரால் ஒரு தெருவே அங்கு இன்றும் இருக்கிறது.

நம் பாட்டியார் அவ்வூர்ப் பெண். யுத்தம் முடிந்தபின் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி வந்தவர். தஞ்சோங் பகாரில் ஓர் அறை, நடுவில் புடைவைத் திரை, அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். விடியுமுன் பஜ்ரு தொழுதுவிட்டு அம்மியின் முன் உட்காருவார். மிளகாய் ஓர் உருண்டை, மல்லி ஓர் உருண்டை, மஞ்சள் ஓர் உருண்டை. இலையில் வைத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவார். வாங்கியவர்களில் மலாய்க்காரரும் உண்டு, சீனரும் உண்டு. மிளகாய் அரைத்த கை இரவெல்லாம் எரியும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார். இப்படி அம்மி இழுத்த பெண்கள் அக்காலத்தில் அவ்வட்டாரத்தில் பலர். அந்தச் சமூகத்தார் 1946இல் உமறுப் புலவர் பெயரால் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் ஏற்படுத்தினார்கள். அது 1960இல் உயர்நிலைப் பள்ளியாகி 1982 வரை நடந்தது. அதற்குப் பணம் தந்த ஆண்களின் வீட்டில் இந்தக் கைகளும் உழைத்தன என்பதை யாரும் மறுக்கமாட்டார்.

இன்று தேக்காவில் நம் கடையில் மசாலாத்தூள் பொட்டலம் பொட்டலமாக அடுக்கியிருக்கிறது. பெயர்ப்பலகையில் இருப்பது பாட்டனார் பெயர். முதல் யாருடையது? பாட்டியாரின் ஆறு வளையல், ஒவ்வொன்றும் ஒரு பவுன். அம்மியில் சம்பாதித்துச் செய்துகொண்டது. கடை எடுக்கும்போது அதைக் கழற்றிக் கொடுத்தார். விற்றுச் சரக்கு போட்டார்கள்.

ஆணுக்கு அவன் சம்பாதித்ததில் பங்கு, பெண்ணுக்கு அவள் சம்பாதித்ததில் பங்கு என்பது நிஸா அத்தியாயத்தின் சட்டம். மனைவி உழைத்துச் சேர்த்ததில் கணவனுக்கு உரிமை இல்லை. அவளாக மனமொப்பிக் கொடுத்தால் நன்கொடை. கடனாகத் தந்தால் அது கடன்தான். வாரிசுகளுக்குப் பங்கு போடுமுன் கடன் தீரவேண்டும் என்பதும் அதே அத்தியாயத்தில் வருகிறது.

பாட்டனார் முந்திவிட்டார். பாட்டியார் 1999இல் மவுத்தானார். ஏழாம் நாள், நம் மூத்த அத்தை ஒரு பேச்சை எடுத்தார். உம்மா அந்த வளையலைச் சும்மா கொடுக்கவில்லை, திருப்பித் தரவேண்டும் என்றுதான் கொடுத்தார் என்றார். சிறிய தந்தையாருக்குக் கோபம் வந்துவிட்டது. நாற்பது வருஷக் கதையை இப்போது கிளறுவானேன் என்றார். இரண்டு மாதம் போக்குவரத்து இல்லை. இப்படி எத்தனை குடும்பங்கள் பேச்சற்றுப் போயிருக்கின்றன! பெருநாள் தொழுகைக்கு ஒரே பள்ளிவாசலில் நின்றுவிட்டு, முஸாபஹா செய்யாமல் வெவ்வேறு வாசல் வழியாக வெளியேறும் அண்ணன் தம்பிகளை நாம் பார்க்கிறோம் அல்லவா?

நம் தந்தையார் ஓர் ஆலிம்சாவிடம் போனார். அவர் சட்டம் சொல்லவில்லை. சாட்சி இருக்கிறதா என்று கேட்டார். புடைவைத் திரைக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அம்மையார் அப்போது உயிரோடிருந்தார். பாட்டியாரோடு சேர்ந்து அம்மி இழுத்தவர். அவரைத் தேடிப் போய்க் கேட்டார்கள்.

"கடனாத்தான் தம்பி கொடுத்தா. வியாபாரம் நிமிர்ந்ததும் வாங்கி மகளுக்குப் போடணும்னு எங்கிட்டே சொன்னா. அப்புறம் கேக்க அவளுக்கு வாய் வரலை" என்றார்.

அத்தை ஒருவர், இந்த அம்மையார் இரண்டாமவர். சிறிய தந்தையார் தலை குனிந்துகொண்டார். கடையிலிருந்து ஆறு பவுனும் எடைக்கு எடை வாங்கப்பட்டு, பாட்டியாரின் வாரிசுகளுக்குப் பிரிந்தது. ஆண் மக்கள் இருவருக்கும் இரண்டிரண்டு, பெண் மக்கள் இருவருக்கும் ஒவ்வொன்று. ஆறு பவுன் பெரிய சொத்தல்ல. ஆனால் அத்தை மறுபடி நம் வீட்டுப் படியேறினார்.

1966இல் இயற்றப்பட்ட முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டத்தின்படி, ஷரீஅத் நீதிமன்றம் வாரிசுரிமைச் சான்றிதழ் தருகிறது. இன்னாருக்கு இத்தனையில் ஒரு பங்கு என்று அதில் தெளிவாக இருக்கும். கழற்றிக் கொடுத்த வளையல் அதில் இராது. அதை விசாரிக்கவேண்டியவர்கள் நாம்தான். அதுவும் சாட்சிகள் உயிரோடு இருக்கும்போதே.

வருஷா வருஷம் பாத்திஹா ஓதி, பிரியாணி ஆக்கிப் போடுகிறோம். அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. கபுறைச் சென்று காண்பதும் நல்லதே. ஆனால் இந்த ஊரில் கபுறும் நிரந்தரமில்லை. நம் மூத்தோர் பலர் அடங்கிய பிடாதரி மையவாடி 1972இல் மூடப்பட்டு, பின்பு தோண்டப்பட்டு, இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள் எழுந்துள்ளன. 1998 முதல் சுவா சூ காங்கிலும் பதினைந்து ஆண்டுதான் கணக்கு. அதன்பின் எடுத்துச் சிறிய இடத்தில் மறுபடி அடக்கிவிடுவார்கள். நம் பாட்டியாருக்கும் அப்படியே ஆயிற்று.

பெற்றோர் இறந்தபின் அவர்களுக்குச் செய்ய ஏதேனும் மிச்சமுண்டா என்று ஒருவர் கேட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னவற்றுள் துஆவும் பாவமன்னிப்புக் கோருதலும் உண்டு. அவர்கள் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதும், அவர்களால் ஏற்பட்ட உறவைத் துண்டிக்காதிருப்பதும், அவர்களுடைய நண்பரைக் கண்ணியப்படுத்துவதும் உண்டு. அவ்வாறே நடந்தும் காட்டினார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள், நம்மைப்போல் வியாபாரம் செய்தவர்கள், மறைந்து ஆண்டுகள் பல சென்றபின்னும், வீட்டில் ஆடு அறுத்தால் நாயகம் அவர்கள் கறியைக் கூறு போட்டு அன்னையின் தோழியர் வீடுகளுக்கு அனுப்பி வைப்பார்கள். ஆயிஷா நாயகி (ரலி) அவர்களே அறிவித்திருக்கும் செய்தி இது.

அம்மியிழுத்த பெண்களில் இருப்பவர் மிகச் சிலரே. அடுக்குமாடி வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். நீ யார் பேரன் என்று கேட்பார்கள். சொன்னால், நமக்கே தெரியாத நம் வீட்டுக் கணக்கெல்லாம் வெளியே வரும்.

சாட்சி சொன்ன அந்த அம்மையாருக்கு ரமலான் தோறும் நம் வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி போய்க்கொண்டிருந்தது. அவரும் மவுத்தாகிவிட்டார். இப்போது அவருடைய மகளார் வாங்கிக்கொள்கிறார். சென்ற ரமலானில் தூக்குச்சட்டியைத் திருப்பி அனுப்பியபோது, அதற்குள் இலையில் சுற்றி ஓர் உருண்டை மிளகாய் வைத்திருந்தார். அம்மியில் அரைத்தது.