கட்டணம் கட்டாதவர் குற்றவாளியா?

பிரிட்டனில் ஒரு வீட்டில் தொலைக்காட்சியை நேரலையாகப் பார்க்க வேண்டுமென்றால் உரிமம் வேண்டும். பார்ப்பது பிபிசியாக இல்லாமல் வேறு எந்தச் சேனலாக இருந்தாலும் இதுதான் சட்டம். 2025 ஏப்ரலில் அந்த உரிமத்தின் விலை ஆண்டுக்கு 174.50 பவுண்ட் ஆனது. உரிமம் இல்லாமல் பார்ப்பது குற்றம். 1,000 பவுண்ட் வரை அபராதம் விதிக்கலாம். அபராதத்தையும் கட்டாதவர் சிறைக்குப் போகவும் நேரலாம். உரிமக் கட்டணமாகத் திரளும் பணத்தில் பெரும்பங்கு பிபிசிக்குப் போகிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கட்டாதவர் மீது வழக்குத் தொடுப்பதும் பிபிசிதான். 1991 வரை அரசு செய்துவந்த அந்த வேலை, அதன்பின் பிபிசியின் பொறுப்பாயிற்று.

இதில் இரண்டு அறக்கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. பார்க்காதவரும் பொதுச்சேவை ஒலிபரப்புக்குப் பணம் தர வேண்டுமா என்பது ஒன்று. தராதவரைக் குற்றவாளி ஆக்கலாமா என்பது மற்றொன்று. பிபிசி வேண்டும் என்பவர்கள் தண்டனையையும் சேர்த்தே காக்கிறார்கள். தண்டனையைக் கண்டு கொதிப்பவர்கள் பிபிசியையே மூடச் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் இரு கேள்விகளையும் ஒன்றாகவே எண்ணிவிடுவதால் வாதம் பல ஆண்டுகளாக நின்ற இடத்திலேயே நிற்கிறது.

முதல் கேள்விக்கு விடை ‘ஆம்’ என்பதுதான். வேல்ஸ் மொழியில் ஒரு தொலைக்காட்சி நடக்கிறது; ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் இன்னொன்று நடக்கிறது. விளம்பரக் கணக்குப் பார்க்கிற எந்த முதலாளியும் இவற்றைத் தொடங்கியிருக்க மாட்டார். ஒரு சிறு மொழியைப் பேசுபவர்கள் எண்ணிக்கையில் குறைந்தவர்கள் என்பதால் அவர்களுக்குச் செய்தியும் நாடகமும் குழந்தைகள் நிகழ்ச்சியும் கிடைக்கக் கூடாது என்று எந்த நாகரிகச் சமூகமும் சொல்லாது. சொல்லாதென்றால், யாரோ அதற்குச் செலவு செய்தாக வேண்டும்.

தமிழர்களுக்கு இது தொலைவில் நடக்கும் விவகாரம் அல்ல. 1941 மே மாதம் லண்டனிலிருந்து தொடங்கிய பிபிசியின் தமிழ் ஒலிபரப்பு, தமிழோசை என்ற பெயரில் 2017 ஏப்ரல் 30 வரை சிற்றலையில் வந்தது. இலங்கையில் போர் நடந்த ஆண்டுகளில் அது வெறும் நிகழ்ச்சியாக இருக்கவில்லை. பொருளாதாரத் தடையால் பேட்டரி கிடைக்காத 1990களில், யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். சொந்த நாட்டின் அரச வானொலியை நம்ப முடியாதவர்களுக்கு, எந்த ஊரில் குண்டு விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதை அறிய வேறு குரல் தேவைப்பட்டது. 2009 பிப்ரவரியில், தன் தமிழ், சிங்கள நிகழ்ச்சிகளில் குறுக்கீடு நடக்கிறது என்று சொல்லி, இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பண்பலை வழியாக அவற்றை வழங்குவதை பிபிசி நிறுத்திக்கொண்டது. அது நடந்தது போரின் கடைசி மாதங்களில்.

சைக்கிள் டைனமோவைச் சுற்றியவர் யாருக்கும் சந்தா கட்டவில்லை. 2014 வரை பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையின் மானியம், அதாவது அந்நாட்டு மக்களின் வரிப்பணம், அந்தக் குரலைத் தாங்கியது. அதன்பின் உரிமக் கட்டணம் தாங்கியது. வெளியுறவுத் துறை கொடுத்ததில் பிரிட்டனின் நலக் கணக்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் பயன் பெற்றவரிடம் பணம் இல்லாதபோதும் பயன் சென்று சேர்ந்தது. சந்தா கட்டியவருக்கு மட்டும் என்று ஆகிவிட்டால் இப்படிப்பட்ட நன்மை முதல் நாளே அற்றுப்போகும். எல்லோருக்கும் பொதுவான ஒன்றை எல்லோரும் சேர்ந்து தாங்குவது நியாயம் என்று சொல்வதற்கு இதைவிட வலுவான சான்று தேவையில்லை.

அப்படியென்றால் அரசு வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே பணம் கொடுத்துவிடலாமே என்று கேட்கலாம். பிரான்ஸ் 2022இல் கட்டணத்தை நீக்கிவிட்டு அந்த வழிக்குத்தான் போனது. ஆனால் ஆண்டுதோறும் அமைச்சரிடம் கையேந்தும் ஒலிபரப்பு நிறுவனம் அந்த அமைச்சரைக் கேள்வி கேட்பது எப்படி? நெருக்கடி நிலைக் காலத்தில் அகில இந்திய வானொலியை ‘ஆல் இந்திரா ரேடியோ’ என்று மக்கள் அழைத்ததை நாம் மறக்கவில்லை. அந்த வானொலிக்குத் தன்னாட்சி தர வந்த பிரசார் பாரதிச் சட்டம் 1990இல் நிறைவேறி 1997இல் நடைமுறைக்கு வந்த பிறகும், பணத்துக்கு அரசையே நம்பியிருக்கும் நிலை மாறவில்லை.

தனிக் கட்டணம் இருந்துவிட்டால் மட்டும் சுதந்திரம் வந்துவிடும் என்றும் எண்ணிவிடக் கூடாது. பிரிட்டனின் 1926 பொது வேலைநிறுத்தத்தின்போது தொழிற்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டுக்கு பிபிசியில் பேச இடம் கிடைக்கவில்லை. கான்டர்பரி பேராயரின் சமாதான வேண்டுகோளைக்கூட, பிபிசியை அப்போது நடத்திவந்த ஜான் ரீத் உடனே ஒலிபரப்பத் துணியவில்லை. கட்டணத்தின் அளவை முடிவு செய்வது அரசு என்பதால் பிடி அரசின் கையில்தான் இருக்கிறது. 2000இல் அரசு, 75 வயதைக் கடந்தவர்களுக்கு உரிமத்தை இலவசமாக்கி அந்தச் செலவைத் தானே ஏற்றது. 2015இல் மூடிய கதவுக்குப் பின் நடந்த பேச்சில் அந்தச் சுமையை பிபிசியின் தலையில் ஏற்றியது. 2020 ஆகஸ்டில், ஓய்வூதியர்களுக்கான வறுமை உதவி பெறுபவர்களைத் தவிர மற்ற முதியவர்கள் மீண்டும் பணம் கட்ட வேண்டியதாயிற்று. அரசு கொடுத்த சலுகையை அரசே பறித்தது. கோபம் முழுவதும் பிபிசியின் மேல் விழுந்தது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். மனம் ஆறாத இடம் இதுதான்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த வழக்குகளை, 2015இல் அறிமுகமான ‘ஒற்றை நீதிபதி நடைமுறை’ என்ற முறையில் விசாரிக்கிறார்கள். ஒரு மாஜிஸ்திரேட், ஒரு சட்ட ஆலோசகர், காகிதங்கள், அவ்வளவுதான். குற்றம் சாட்டப்பட்டவர் அங்கே இல்லை. பார்வையாளரும் இல்லை. நோட்டீஸ் வந்து 21 நாட்களுக்குள் பதில் எழுதாதவரின் வழக்கு அவர் இல்லாமலே முடிந்துவிடும். பதில் எழுதுபவர்களும் உண்டு. வேலை போயிற்று, உடம்பு சரியில்லை, கணவர் இறந்தபின் எந்தத் தபாலையும் பிரித்துப் பார்க்கவில்லை என்று காரணம் எழுதுகிறார்கள். அந்தக் கடிதத்தை வழக்குத் தொடுத்த தரப்பு வழக்கமாகப் பார்ப்பதே இல்லை. பார்த்திருந்தால் சில வழக்குகளைத் திரும்பப் பெற்றிருக்கும். ஒரு மனிதரைக் குற்றவாளி என்று அறிவிக்கும் முன் அவர் சொல்வதைக் காதில் வாங்க வேண்டும் என்பது நீதியின் முதல் படி. அந்தப் படியே இங்கே இல்லை.

தண்டிக்கப்படுபவர்கள் யார் என்று பார்த்தால் கவலை இன்னும் கூடுகிறது. அவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பெண்கள். பெண்கள் அதிகம் ஏமாற்றுகிறார்கள் என்பது இதற்குப் பொருள் அல்ல. விசாரிக்க வருபவர் கதவைத் தட்டும் பகல் வேளையில் வீட்டில் இருப்பவர் பெரும்பாலும் பெண். தனியாகக் குழந்தை வளர்ப்பவர்களில் பெரும்பாலோரும் பெண்கள். கதவைத் திறந்த ஒரே காரணத்தால் அந்த வீட்டின் குற்றம் அவள் பெயரில் பதிவாகிறது. பிபிசியே இந்த ஏற்றத்தாழ்வை ஆராய்ந்து அறிக்கைகள் வெளியிட்டது. ஆனாலும் சட்டம் அப்படியேதான் இருக்கிறது.

தண்டனையின் பயம் இல்லாவிட்டால் யாரும் கட்ட மாட்டார்கள் என்பது எதிர்வாதம். 2015இல் வழக்கறிஞர் டேவிட் பெரி நடத்திய ஆய்வும் குற்றவியல் சட்டத்தை அப்படியே வைத்துக்கொள்ளச் சொன்னது. இந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. ஒருவர் கட்டாமல் விடும் பணம், நேர்மையாகக் கட்டும் இன்னொருவரின் தோளில் சுமையாக ஏறுகிறது. ஆனால் அதே இங்கிலாந்தில் குடிநீர்க் கட்டணம் கட்டாதது குற்றம் அல்ல. அது கடன், உரிமையியல் நீதிமன்றத்தில் வசூலிக்க வேண்டியது. 1999 சட்டத்துக்குப் பிறகு வீட்டுக் குடிநீர் இணைப்பைத் துண்டிக்கவும் கூடாது. தண்ணீர் நிறுவனங்கள் அதனால் மூடிப்போகவில்லை. ஸ்காட்லாந்திலோ உரிமம் இல்லாதவர் நீதிமன்றத்துக்குப் போவது அரிது. அங்கும் பிபிசி நடக்கத்தான் செய்கிறது.

பயமுறுத்தாமல் எல்லோரிடமும் வாங்கும் வழிகள் நடைமுறையிலேயே இருக்கின்றன. பின்லாந்தில் 2013 முதல் பொதுச்சேவை ஒலிபரப்பு நிறுவனமான யூலேவுக்கான தொகையை வருமானத்துக்கு ஏற்ப வரித்துறையே பிடித்துக்கொள்கிறது. குறைந்த வருமானம் உள்ளவர் எதுவும் தருவதில்லை. ஜெர்மனியில் அதே ஆண்டு முதல் வீட்டுக்கு ஒரு கட்டணம். அரசின் சமூக உதவி பெறுபவர்கள் கேட்டு விலக்குப் பெறலாம். ஒலிபரப்புக்குத் தேவையான பணம் எவ்வளவு என்பதை ஒரு தனி ஆணையம் கணக்கிடுகிறது. அது பரிந்துரைத்த உயர்வை ஒரு மாநிலம் தடுத்தபோது, 2021 ஆகஸ்டில் அரசியலமைப்பு நீதிமன்றம் தலையிட்டு அந்தத் தடை செல்லாது என்றது. தனியாக வாழ்பவரும் ஐந்து பேர் சம்பாதிக்கும் வீடும் ஒரே தொகை கட்டுவது ஜெர்மன் முறையின் குறை. நம் ஊர்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடும்போது, கைம்பெண் தனியாக வாழும் வீட்டுக்குப் பாதி வரி என்று வைப்பதுண்டு. அந்த எளிய கணக்கு பிரிட்டனின் உரிமக் கட்டணத்தில் இல்லை. வங்கியாளரின் மாளிகைக்கும் உணவு வங்கியில் வரிசையில் நிற்பவரின் அறைக்கும் ஒரே தொகைதான்.

பொதுச்சேவை ஒலிபரப்பு தன்னை எல்லோருடைய சொத்து என்று சொல்லிக்கொள்கிறது. அந்தச் சொல் உண்மையாக வேண்டுமானால், தன் மக்களில் மிக ஏழையானவரை அது கடன்பட்டவராகப் பார்க்கலாம், விலக்குப் பெறத் தகுந்தவராகப் பார்க்கலாம். குற்றவாளியாகப் பார்க்கக் கூடாது. கட்டணம் கட்டாயமாகவே இருக்கட்டும். வருமானத்தைப் பார்த்து வாங்கட்டும். கட்டாதவரிடம் கடனாக வசூலிக்கட்டும். 2020இல் கருத்துக் கேட்ட அரசு, குற்றப் பிரிவை நீக்குவதைத் தள்ளிப்போட்டுவிட்டது. பிபிசியின் இப்போதைய அரச சாசனம் 2027 டிசம்பர் 31 அன்று முடிகிறது. அடுத்த சாசனத்தோடு அந்தப் பிரிவும் போக வேண்டும். அதை அரசிடம் முதலில் கேட்க வேண்டியது பிபிசியே.