ரெண்டே முக்காலே மூணு வீசம்

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை எட்டு ஐந்துக்கு என் மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அவ்வளவுதான் விஷயம். குக்கர் விசில் எண்ணும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த மூடிய கண்தான் எதிரே வந்து நிற்கிறது.

பள்ளி வேன் எட்டுப் பத்துக்கு வரும். பெரியவளுக்கு ஐந்தரை வயது. ஒரு காலில் சாக்ஸ் ஏறியிருந்தது; இன்னொன்றைக் கையில் மாட்டிக்கொண்டு தம்பிக்குப் பாம்பு காட்டிக்கொண்டிருந்தாள். சின்னவன் பாதி இட்லியோடு தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தான். மூன்று தடவை சாதாரணமாகச் சொன்னேன். நாலாவது தடவை, எல்லா வீட்டிலும் நடப்பதுதான், "மூணு எண்றதுக்குள்ள ஷூ போட்டிருக்கணும்" என்று ஆரம்பித்தேன்.

"ஒண்ணு... ரெண்டு..."

வழக்கமாக ரெண்டுக்கே ஓடிவிடுவாள். ஓடாத நாளில் நான் கொஞ்சம் இழுப்பேன். "ரெண்டேகால்... ரெண்டரை... ரெண்டேமுக்கால்..." அதற்குள் காரியம் முடிந்துவிடும். இரண்டு வருடமாகப் பழுதில்லாமல் ஓடிய ஏற்பாடு. அன்றைக்கு ரெண்டேமுக்கால் வந்தும் அவள் நகரவில்லை. பாம்பைக் கழற்றி மடியில் வைத்தாள். அடம் பிடிக்கிற முகமே இல்லை. "மூணு சொல்லும்மா, என்ன ஆகும்னு பாக்கலாம்" என்றாள். சொல்லிவிட்டுக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

நான் மூணு சொல்லவில்லை. தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது. குனிந்து நானே சாக்ஸை மாட்டி, ஷூவைத் திணித்து, அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினேன்.

மூணுக்கு அப்புறம் என்ன என்று நான் யோசித்து வைத்திருக்கவே இல்லை. உள்ளே ஒன்றுமில்லாத அறைக்குப் பூட்டுப் போட்டு இரண்டு வருடம் காவல் இருந்திருக்கிறேன். அன்று சாயங்காலம் கணவரிடம் சொன்னபோது, "சொல்லிப் பாத்திருக்கலாம்ல? எனக்கும் தெரிஞ்சிருக்கும்" என்று சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "இந்தக் கணக்கெல்லாம் எதுக்கும்மா, ஒண்ணு வெச்சா நாலு நாளைக்குத் தாங்கும்" என்றார். இரண்டு பேருக்கும் நான் பதில் சொல்லவில்லை. அவர்கள் மூணைப் பற்றிப் பேசினார்கள். நான் கண்ணைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஊசி போடும்போது அவள் அப்படித்தான் மூடுவாள். பிறந்தநாள் பொட்டலத்தைக் கொடுக்கும்போதும் அப்படித்தான். இரண்டுக்கும் மூக்குச் சுருங்கும், தோள் காதுவரை ஏறும். அன்றைக்கு எதை எதிர்பார்த்து மூடினாள்? உதட்டோரம் சிரிப்பு இருந்ததாக ஒரு ஞாபகம். அந்த ஞாபகத்தை நான் நம்பத் தயாரில்லை. செவ்வாய்க்கிழமை அந்தச் சிரிப்பு இல்லை. வெள்ளிக்கிழமைதான் வந்து சேர்ந்தது. என் வசதிக்காக நானே வரைந்துகொண்டதோ என்னவோ.

சின்ன வயதில் முழுப்பரீட்சை லீவுக்குக் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் தாத்தா வீட்டுக்குப் போவோம். அங்கே "கண்ணை மூடு, கையை நீட்டு" என்று இரண்டு பேர் சொல்வார்கள். தாத்தா சொன்னால் உள்ளங்கையில் கமர்கட் விழும். அத்தை மகன் சொன்னால் சூட்டுக்கொட்டை. திண்ணைச் சிமெண்டில் பரபரவென்று தேய்த்து அவன் வைக்கிற வைப்பில் உயிர் போய் வரும். அவன் குரல் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு தடவைகூடக் கையை நீட்டாமல் இருந்ததில்லை. ஒருவேளை இன்றைக்குக் கமர்கட்டாக இருந்துவிட்டால்? அப்போது என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவன்தான் சொல்ல வேண்டும்.

தாத்தா அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. திண்ணைப் பள்ளியில் எண்சுவடி ஒப்பித்து வளர்ந்தவர். எங்களுக்குக் கால், அரை, முக்காலோடு உலகம் முடிந்துவிடும். அவருக்கு அங்கேதான் ஆரம்பம். 16-இல் ஒரு பங்கு வீசம், 20-இல் ஒரு பங்கு மா, 80-இல் ஒரு பங்கு காணி, 320-இல் ஒரு பங்கு முந்திரி. சாப்பிடுகிற முந்திரி என்று நினைத்து நாங்கள் கையை நீட்டுவோம். "வேலை முடிஞ்சுதா தாத்தா?" என்று கேட்டால், "முக்காலே மூணு வீசம் முடிஞ்சுது" என்பார். 16-இல் 15 பங்கு. ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்துப் பேச்சு. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்து அணா போன பிறகும் அவர் நாக்கிலிருந்து வீசம் போகவில்லை. ஊர்த் தகராறு எல்லாமே மிச்சமிருக்கிற அந்த ஒரு வீசத்தில்தான் என்று சொல்வார்.

அவர் என் இடத்தில் இருந்திருந்தால் ரெண்டேமுக்காலோடு மாட்டிக்கொண்டிருக்க மாட்டார். ரெண்டே முக்காலே அரைக்கால், ரெண்டே முக்காலே மூணு வீசம் என்று போய்க்கொண்டே இருந்திருப்பார். முந்திரி முந்திரியாக நின்று எண்ணினால் ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவே 319 இடம் இருக்கிறது. அதற்குள் எந்த வேனும் வந்துவிடும்.

தாத்தா எங்களை எண்ணி மிரட்டியதில்லை. அவருடைய வாத்தியார் பையன்களைக் கயிற்றில் தொங்கவிடுகிற கோதண்டத்தைப் பற்றிச் சிரித்துக்கொண்டே சொல்வார்; எங்களுக்குச் சிரிப்பு வராது. என் அம்மாவும் எண்ண மாட்டாள். ஆணியில் தொங்கும் பனையோலை விசிறியை எடுத்துக் காம்பு வெளியே வருகிற மாதிரித் திருப்பினால் அடுத்த நொடி முழங்காலில் சுள்ளென்று விழும். முடிந்தது. பத்து நிமிஷத்தில் அதே விசிறியால் எனக்கு விசிறிக்கொண்டிருப்பாள். அதனால்தான் எண்ணுவதை ஒரு முன்னேற்றம் என்று நினைத்திருந்தேன். காம்பு இல்லை, தழும்பு இல்லை, வெறும் எண். ஆனால் அம்மாவின் விசிறியில் காத்திருப்பது கிடையாது. நான் என் மகளைக் காக்க வைக்கிறேன். அதுவும் கால் காலாக.

அடித்ததே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு தடவை. முதல் தடவை, கடைத்தெருவில் கையை உதறிக்கொண்டு பஸ்ஸுக்கு நேராக ஓடினாள். இரண்டாவது ஏன் என்று எனக்கு ஞாபகமே இல்லை. அதுதான் மோசம். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009, பள்ளியில் குழந்தையை அடிக்கக் கூடாது, மனத்தைப் புண்படுத்தவும் கூடாது என்று 17-ஆவது பிரிவில் சொல்கிறது. என் வீட்டில் போலீஸும் நான்தான், ஜட்ஜும் நான்தான். அப்பீலுக்கு அப்பாவிடம் போவார்கள். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

கல்லூரியில் படித்த சத்திய சோதனையில் ஒரு இடம் மங்கலாக நினைவுக்கு வந்தது. காந்தி ஒரு சின்னப் பையனை அடித்துவிட்டு வருந்தியதாக. எடுத்துப் பார்த்தால், நான் ஞாபகம் வைத்திருந்தது தப்பு. ஜோகன்னஸ்பர்க் பக்கத்தில், 1910-இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணை. தமிழ்ப் பிள்ளைகளும் இருந்த இடம். அவர்களுக்குத் தனக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழை அவரே சொல்லிக் கொடுத்திருக்கிறார். அடி வாங்கினவன் சின்னப் பையனே இல்லை, பதினேழு வயது, நல்ல திடகாத்திரம். ரூல் தடியால் கையில் ஒன்று. அடிக்கும்போது நடுங்கியது அவர்தான். பையன் அழுதான், மன்னிப்புக் கேட்டான், அதற்கப்புறம் பேச்சைக் கேட்டான். அப்படியும் தான் செய்தது சரியா தப்பா என்று தன்னால் முடிவு செய்ய இயலவில்லை என்றே எழுதுகிறார். கோபத்தில் அடித்ததால் தப்பாகத்தான் இருக்கும் என்கிறார். பல வருடம் கழித்து எழுதியும் முடிவுக்கு வராத மனுஷர். எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பையன் கண்ணை மூடினானா என்பதை அவர் எழுதவில்லை. நான் அதைத்தான் தேடினேன்.

கடைசியில் அவளிடமே கேட்டேன். ராத்திரி தலைக்கு எண்ணெய் வைக்கும்போது, முகம் தெரியாமல் பின்னால் உட்கார்ந்துகொண்டு. "அன்னிக்கு நான் எண்ணும்போது எதுக்குடி கண்ண மூடிக்கிட்ட?"

"மூணு வரப்போகுதுல்ல, அதான்" என்றாள்.

"வந்தா என்னாகும்னு நெனச்சே?"

"நீதான சொல்லணும்." கொஞ்ச நேரம் கழித்து, "வலிக்குதும்மா, மெதுவா" என்றாள். நான் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை இரண்டு பேரும் கண்ணாமூச்சி விளையாடினார்கள். சின்னவன் முறை. சுவரில் முகத்தை ஒட்டிக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, ரெண்டேகாலு, ரெண்டர" என்று எண்ணினான். பாவம், எண் வரிசையே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். ரெண்டேமுக்கால் வந்ததும் திரும்ப ஒண்ணிலிருந்து ஆரம்பித்தான். பீரோவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "டேய், மூணு சொல்லுடா" என்று கத்தினாள். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அடுப்பில் பால் இருந்தது; நான் உள்ளே போய்விட்டேன்.

நேற்றுக் காலை மறுபடியும் எட்டு ஐந்து. மறுபடியும் ஒற்றைக் கால் சாக்ஸ். எண்ணவே கூடாது என்று வைராக்கியமாகத்தான் இருந்தேன். "ஒண்ணு" என்று வாய் தானாக ஆரம்பித்துவிட்டது. ஆனால் அவளைப் பார்த்து எண்ண முடியவில்லை. தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகுகிற சாக்கில் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன். ரெண்டு, ரெண்டேகால், ரெண்டரை. பின்னால் வெல்க்ரோ பட்டை கர்ரென்று கேட்டது. திரும்பினேன். ஷூ போட்டு, பையை மாட்டிக்கொண்டு நின்றாள்.

நடுவில் கண்ணை மூடினாளா என்று தெரியவில்லை.